எடை குறையட்டும், பலம் குறைய வேண்டாம்

(தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில், குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் அதையாவது எடுத்துக்கொண்டு போகலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் உள்ள ஒருவர் உடம்பைக் குறைக்க நினைத்தால், நடையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தசைக்கு வேலை வைக்கும் பளுப் பயிற்சியையும் முதல் மாதத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். நோய் இருக்கிறதே என்பதுதான் அதைச் செய்வதற்கான காரணம். எதைத் தூக்கலாம், எவ்வளவு தூக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை மட்டும் நோயைக் கேட்டு முடிவு செய்தால் போதும்.

"சார், எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. சுகருக்கு ரெண்டு மாத்திரை, பி.பி.க்கு ஒண்ணு. இந்த நெலமையில வெயிட் தூக்குறதா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகள் அல்லர். விடிவதற்கு முன்பே ஏரிக்கரையில் நடப்பவர்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியபோது மகிழ்ந்தவர்கள். நடையை நான் குறை சொல்ல வரவில்லை. இதயத்துக்கு அது நல்லது, தூக்கத்துக்கு நல்லது, மனதுக்கு நல்லது. ஆனால் ஐந்து வருடமாக அதே வேகத்தில் அதே சுற்றைச் சுற்றுகிறவரின் தொடைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் அந்த நடை புதிதாக எந்த வேலையும் வைப்பதில்லை. வேலை இல்லாத தசை வளராது. நடுவயதைத் தாண்டிவிட்டால் உள்ளதும் கரையத் தொடங்கும்.

நோயாளி என்றால் படுக்கையா?

இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பதில் நம் ஊரிலேயே கிடைக்கிறது. நம் ரயில் நிலையம் ஒன்றுக்குத் "தாம்பரம் சானடோரியம்" என்று பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கினார். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்தித் தேர்ந்தவர் அவர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு, இவைதான் உலகம் முழுவதும் அன்றைய சிகிச்சை. அந்தக் காலத்திலும் இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் வேறு வழியில் போய்ப் பார்த்தார். நோயாளிகளை முதலில் நடக்கவிட்டார். பிறகு கூடை சுமக்கச் சொன்னார். பிறகு மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். காய்ச்சல் ஏறினால் வேலையைக் குறைத்தார். உழைப்பை மருந்தைப் போல அளந்து கொடுத்தவர் அவர்.

பிறகு மாத்திரைகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் ஒரு துணிச்சலான ஒப்பீட்டைச் செய்தது. ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்கு அதே மருந்து, ஆனால் வீட்டில். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல் அதிகம், சாப்பாடு மட்டம், ஓய்வு குறைவு, வேலையும் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். குணப்படுத்தியது மருந்து, கட்டில் அல்ல என்பதை உலகத்துக்கு நிரூபித்த நகரம் சென்னை.

இதய நோயிலும் இதே கதைதான். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்த காலத்தில், 1952-இல், லெவின், லௌன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். படுக்கையைவிட அது நல்லதாகவே இருந்தது. 2000-இல் அமெரிக்க இதயச் சங்கம், நிலைமை சீராக உள்ள இதய நோயாளிகளுக்கும் அளவான பளுப் பயிற்சி நல்லது என்று அறிக்கை வெளியிட்டது. 2007-இலும் 2023-இலும் அதைப் புதுப்பித்தது. மருத்துவம் எப்போதோ மாறிவிட்டது. "உடம்புக்கு முடியல, பேசாம படு" என்கிற நம் வீட்டுப் பேச்சுதான் இன்னும் மாறவில்லை.

ஒல்லியிலும் கொழுப்பு

நம்மவர்களுக்குத் தசை ஏன் இவ்வளவு முக்கியம்? 2004-இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடை என்று நாம் பார்க்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தால் ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். எடை இயந்திரத்தின் கண்ணுக்கு இருவரும் ஒரே ஆள். உள்ளே ஒருவரிடம் தசை, மற்றவரிடம் கொழுப்பு. இதனால்தான் நமக்குப் பி.எம்.ஐ. 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே உடல் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டக் கூடாது. இன்று இரவே ஒரு தையல் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு ரத்த அழுத்தம். 39 பேருக்குத் தொப்பை. இந்தக் கூட்டத்தில் யாருக்கும் இது அதிர்ச்சியாக இருக்காது.

நாம் சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் கலந்ததும், அதில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசை. தசை சிறியதாக இருந்தால் வாங்கி வைக்க இடம் போதாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும், சுருங்கி விரியும் தசை இன்சுலினுக்காகக் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடித்த பிறகும் பல மணி நேரம் அந்தப் பசி தசைக்கு இருக்கும்.

எடை குறையாமலே நோயைத் தள்ளிப்போட முடியும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அவர்களின் சராசரி எடையோ பெரிதாகக் குறையவே இல்லை. எடை இயந்திரத்தின் முள்ளை மட்டும் பார்த்து "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று பயிற்சியை விடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

குறைவது எது?

உடம்பு இளைக்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. வெறும் பட்டினியாலோ உணவுக் கட்டுப்பாட்டாலோ பத்து கிலோ குறைத்தால், அதில் இரண்டு மூன்று கிலோ தசையாகவும் இருக்கும். பிறகு பழையபடி சாப்பிட்டு எடை திரும்பும்போது கொழுப்புதான் முதலில் வந்து உட்காரும். இரண்டு மூன்று முறை இப்படி இளைத்துப் பெருத்தவர்கள், அதே எடையில் முன்னைவிடப் பலவீனமாக இருப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, பருமனான 160 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. எடை குறைப்புத் திட்டத்தில் ஒரு பிரிவுக்கு நடை போன்ற பயிற்சி, ஒரு பிரிவுக்குப் பளுப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய 9 சதவீத எடை குறைந்தார்கள். ஆனால் நடைப் பிரிவினர் தங்கள் தசை எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள். பளுப் பிரிவினர் 2 சதவீதம்தான். இடுப்பெலும்பின் அடர்த்தி நடைப் பிரிவில் 3 சதவீதம் குறைந்தது. பளுப் பிரிவில் அரை சதவீதம்தான். நாற்காலியிலிருந்து எழுவது, படியேறுவது போன்ற அன்றாடத் திறனில் முதலிடம் பிடித்தவர்கள் இரண்டையும் செய்தவர்கள். சர்க்கரை நோயாளிகள் 262 பேரைக் கொண்டு 2010-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் இதையே சொன்னது. மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது, நடையையும் பளுவையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான்.

2025-இல் மவுன்ஜாரோ, வெகோவி என்ற எடைகுறைப்பு ஊசிகள் நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கு வந்துவிட்டன. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பசியே அடங்கி வேகமாக இளைக்கும் உடம்பில் தசையும் வேகமாகக் கரையும். ஊசி போடுகிறவருக்குப் பளுப் பயிற்சி மற்றவர்களைவிட அதிகம் தேவை.

நோயிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இனி உங்கள் பயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ரத்த அழுத்தம். 1985-இல் கனடாவில், பளு தூக்கும் ஆணழகர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்தார்கள். இரண்டு காலாலும் மிகப் பெரிய பளுவைத் தள்ளியபோது ஒருவருக்கு 480/350 வரை ஏறியது. எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். அவர்கள் தூக்கியது தங்கள் உச்சப் பளு; மூச்சையும் இறுகப் பிடித்திருந்தார்கள். நாம் இரண்டையும் செய்யப் போவதில்லை. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், இறக்கும்போது உள்ளே இழுக்க வேண்டும். சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக நடக்கும். ஓய்வாக இருக்கும்போதே அழுத்தம் 180/110-ஐத் தாண்டினால் அன்று பயிற்சி கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாடித் துடிப்பை நம்ப வேண்டாம், அது வழக்கமான அளவுக்கு ஏறாது. பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் அளவு.

சர்க்கரை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. தொடங்குமுன் சோதித்து, 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இரவிலும் அளவு இறங்கலாம். மருந்தளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களே குறைக்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மூடிய காலணி போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். முடித்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

கண். சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருப்பவர்களுக்கு முக்கிப் பளு தூக்குவது ஆபத்து, ரத்தம் கசியலாம். பயிற்சி தொடங்குமுன் ஒரு கண் பரிசோதனை கட்டாயம்.

முழங்கால். "மூட்டு தேஞ்சு போச்சு, அசைக்காதே" என்பது தவறான அறிவுரை. தேய்ந்த மூட்டைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது பலமானால் வலி குறையும். தரைவரை குந்த வேண்டாம். உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தாலோ மூட்டு வீங்கியிருந்தாலோ அளவைக் குறைக்க வேண்டும்.

இதயம். ஸ்டென்ட் வைத்தவர்கள், அறுவை சிகிச்சை செய்தவர்கள் இதய மருத்துவரின் அனுமதியோடு, முதலில் கண்காணிப்பில் தொடங்க வேண்டும். மார்பில் பாரம், தாடையிலோ கையிலோ பரவும் வலி, தலைச்சுற்றல், மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே நிறுத்தி 108-ஐ அழையுங்கள். "வாயுவா இருக்கும்" என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

தொடங்கும் விதம்

தொடங்க ஜிம் வேண்டாம். உட்காரும் நாற்காலி, ஒரு சுவர், ஒரு மாடிப்படி, ஒரு ரப்பர் பட்டை, இரண்டு பைகள் போதும். ஒன்று, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. இரண்டு, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது. மூன்று, கீழ்ப்படியில் ஏறி இறங்குவது. நான்கு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது. ஐந்து, ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டிப் பின்னால் இழுப்பது. ஆறு, இரண்டு கையிலும் அரிசிப் பையோ தண்ணீர் பாட்டிலோ தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நடப்பது. சுவர்த் தண்டாலை முதல் வாரத்திலேயே தரைக்குக் கொண்டுபோக வேண்டாம். மேஜை விளிம்பு, பிறகு திண்ணை என்று மெல்லக் கீழே இறங்கி வாருங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றையும் பத்து முறை, ஒரு சுற்று. இன்னும் நாலைந்து முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். மூன்றாம் வாரம் இரண்டு சுற்று. பதினைந்து முறை சுலபமாக வந்துவிட்டால் பளுவைக் கொஞ்சம் கூட்டி, மறுபடியும் பத்திலிருந்து தொடங்குங்கள். இந்தக் கூட்டல் நின்றால் முன்னேற்றமும் நிற்கும். பூங்காக்களிலுள்ள திறந்தவெளிக் கருவிகளிலும் இதுதான் குறை: பளுவைக் கூட்ட வழியில்லாததால் சில மாதங்களில் அவை போதாமல் போகும். அதன் பிறகு ஜிம்முக்குப் போங்கள். சேரும்போது பயிற்சியாளரிடம் உங்கள் மாத்திரைகளின் பெயர்களைச் சொல்லுங்கள். அதைக் கேட்காமலே முதல் நாளில் பெரிய பளுவைத் தோளில் ஏற்றுகிற இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

முதல் ஆறேழு வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகளுடையது. இருக்கிற தசையை முழுதாகப் பயன்படுத்த உடம்பு கற்றுக்கொள்கிறது. கண்ணாடியில் மாற்றம் தெரிய இன்னும் நாளாகும். அதுவரை வேறு அளவுகளைக் குறித்து வையுங்கள்: அரை நிமிடத்தில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறீர்கள், இடுப்பளவு என்ன, தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறீர்கள்.

தட்டில் என்ன?

தசை காற்றில் வளராது, புரதம் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அறுபது கிலோ உள்ளவருக்கு 50 கிராம். இளைத்துக்கொண்டே பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோவுக்கு ஒரு கிராமாவது தேவை. காலையில் மூன்று இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று ஓடும் தட்டில் இதில் பாதியும் தேறுவது கடினம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் ஏறக்குறைய 10 கிராம். ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ 6 கிராம். சோற்றைக் கால் பங்கு குறைத்து, பருப்பையும் சுண்டலையும் மீனையும் கூட்டுங்கள். புரதப் பொடி டப்பா அவசியமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. கிரியாட்டினின் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "வீட்டு வேலையே பயிற்சிதானே" என்கிறீர்கள். ஆட்டுக்கல்லும் உரலும் கிணற்றுக் கயிறும் இருந்த காலத்தில் அது உண்மை. கிரைண்டரும் மோட்டாரும் வந்த பிறகு சலிப்பு மட்டும் மிச்சம், பளு போய்விட்டது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகக் கரையும். அதைத் தாங்கிப் பிடிப்பது தசையின் இழுப்புதான். கோவையில் கிட்டம்மாள் என்ற மூதாட்டி, 82 வயதில், 2024-இல் நடந்த பளுதூக்கும் போட்டியில் 50 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினார். நீங்கள் போட்டிக்குப் போக வேண்டாம். பேரப்பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கவும், குளியலறையில் வழுக்கினால் பிடித்துக்கொண்டு எழவும் பலம் வேண்டாமா?

மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது, வார்டுகள் 70. வார்டுக்கு ஓரிடத்தில் கொஞ்சம் டம்பெல், ரப்பர் பட்டைகள், உறுதியான சில நாற்காலிகள், வாரம் இரண்டு காலை ஓர் இயன்முறை மருத்துவர் என்று ஏற்பாடு செய்தால் போதும். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. படுத்துவிட்டவரைத் தேடி வரும் அந்தக் கை, படுப்பதற்கு முன்பே ஒரு பளுவைக் கொடுத்துப் பழக்கட்டும்.

நண்பர்களே, கைதட்டல் வேண்டாம். இந்த வாரத்துக்குள் மூன்று காரியம் செய்யுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், கண் நான்கையும் பரிசோதியுங்கள். உங்கள் மருத்துவரிடம் "நான் பளுப் பயிற்சி தொடங்கப் போகிறேன், எதைத் தவிர்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சரி என்றதும், இரண்டு கிழமைகளைக் குறித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். நடையை விடாதீர்கள், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.